மறையனுக்குப் போன மாத்திரை

தம்பிதுரைக்குப் பொய் சொல்லவே வராது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். போன மாசி மாதம் மூன்று நாள், வேளை தவறாமல், கூசாமல் பொய் சொன்ன மனுசன் அவர். "ஏனுங்க, மாத்திரை முழுங்கிட்டீங்களா?" என்று அடுப்படியிலிருந்து ரங்கம்மாள் கேட்பாள். "ஆச்சு புள்ளே" என்று மாட்டுச்சாளையிலிருந்து புருசன்காரர் குரல் கொடுப்பார். மாத்திரையோ அந்நேரத்துக்கு மறையனின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

மறையன் அவருடைய எருது. பர்கூர் மலை மாடு. செம்மண் நிறத்து உடம்பில் சுண்ணாம்பைத் தெளித்துவிட்ட மாதிரி வெள்ளை மறை விழுந்திருக்கும், அதனால் அந்தப் பேர். அந்தியூர்ச் சந்தையில் கன்றாக வாங்கி வந்து பதினெட்டு வருசம். ஏர், வண்டி, மஞ்சள் காடு என்று எல்லாவற்றிலும் உழைத்துப்போட்டுக் கடைசியில் முட்டி வீங்கிப் படுத்துக்கொண்டது. தம்பிதுரைக்கும் முட்டிதான். வயசு அறுபத்திரண்டு. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. விடிந்ததும் இரண்டு பேரும் எதிரெதிரே முனகிக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அவர் மரியாதைக்காரர் வேறு. எங்கள் பக்கம் எல்லாரும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார்கள், சரி. இவர் மாட்டுக்கும் போடுவார். "எந்திரிங்க சாமி, சித்த எந்திரிங்க" என்று மறையனிடம் கெஞ்சுவார்.

ஒரு திங்கட்கிழமை மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "வயசாயிருச்சுங்க, இனி வலி தெரியாம வெச்சுக்கறதுதான்" என்று ஓர் ஊசி போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாரேன் என்று போனார். ஊசியின் வேகம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும்போதே மறையன் கண்ணோரம் நீர் வழியக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. தம்பிதுரையின் சட்டைப்பையில் அவர் முட்டிக்கு என்று அந்தியூரில் எழுதிக் கொடுத்த ஒரு மாசத்து மாத்திரை இருந்தது. நமக்கும் முட்டி, அவனுக்கும் முட்டி, உடம்பு மட்டும் அவனுக்குப் பெருசு என்று அவராகவே வைத்தியம் பார்த்துக்கொண்டார். வேளைக்கு ஐந்தாக ராகிக் களி உருண்டைக்குள் பொதித்து ஊட்டினார். மூன்று நாளில் முப்பதும் தீர்ந்தது. வியாழக்கிழமை மறையன் தானாக எழுந்து நாலு அடி நடந்தது. மனுசன் பட்ட சந்தோசம் சொல்லி மாளாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறையன் செத்துப்போனது.

இங்கேதான் ஷ்ரவ்யாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பீளமேட்டுப் பொண்ணு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆனால் இந்த மலையடிவாரத்துக்கு வந்து எட்டு மாசத்தில் 'ங்க' போடுவதில் ரங்கம்மாளையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். பாறு கழுகுகளை எண்ணுவது அவள் ஆராய்ச்சி. பொணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதேதான். தம்பிதுரையின் மகள் கலியாணமாகித் திருப்பூர் போன பிறகு காலியாகக் கிடந்த முன்னறையில் தங்கியிருந்தாள். முதல் நாள் "அங்கிள்" என்றாள். ரங்கம்மாள் முறைத்த முறைப்பில் மறுநாளே "பெரியப்பா, பெரியம்மா" ஆகிவிட்டது.

சோற்று நேரத்தில்தான் அவளுக்குக் கழுகுப் பேச்சு வரும். "முன்னெல்லாம் இந்த வானத்துல நூத்துக்கணக்குல சுத்துனதுங்க பெரியப்பா. நாமதான் மாட்டுக்கு வலி மருந்து கொடுத்தோம். மாட்டுக்கு நல்லதுதான். ஆனா அந்த மாடு செத்து, அதைத் தின்னா கழுகுக்கு கிட்னி போயிரும். ரெண்டு மூணு நாள் தலையைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கும், அப்புறம் பொத்துனு விழுந்துரும்" என்பாள். "ஏங்கண்ணு, தின்னுபோட்டுப் பேசலாமே" என்பாள் ரங்கம்மாள். இந்தப் பள்ளத்தாக்கில் மிச்சம் இருந்தது ஒன்பதே ஒன்பது. ஆற்றோரத்து மத்தி மரத்தில் ஒரு கூடு, அதில் ஒரு குஞ்சு. அந்தக் குஞ்சைப் பற்றிப் பேசும்போது ஷ்ரவ்யாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

ஒன்பதுக்கும் இரை கிடைப்பதுதான் பாடு. இங்கே உழைத்த மாடு செத்தால் உழுத காட்டிலேயே குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு தென்னம்பிள்ளை வைப்பார்கள். தம்பிதுரையின் காட்டில் ஆறு தென்னை உண்டு, ஆறுக்கும் மாட்டுப் பேர்தான். "காரிகிட்ட நாலு காய் போடு, மயிலைகிட்ட மட்டை விழுந்து கெடக்குது" என்றுதான் அந்த வீட்டில் பேச்சு நடக்கும். மறையனுக்கும் கிணற்றுக்குக் கிழக்கே ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் கடப்பாறையோடு போய் நின்றவர், திரும்பிப் பார்த்தார். ஷ்ரவ்யா மறையனின் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அவர் மறுத்திருப்பார்.

"அம்மணி, உங்க கழுகுக்கு மறையனைக் கொடுத்தா ஆகுமுங்களா?" என்றார்.

அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவா பெரியப்பா? தென்னம்பிள்ளை?" என்றாள். "தென்னைதானே, எங்க போயிருது" என்றார். சொல்லிவிட்டுக் கடப்பாறையைக் கொண்டுபோய்ச் சாளையில் சாய்த்து வைத்தார்.

பிறகு அவள் தன் காகிதத்தை எடுத்துக் கேட்க வேண்டியதை முறைப்படி கேட்டாள். "டாக்டர் போட்ட ஊசி கழுகுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க, நானே விசாரிச்சேன். அது தவிர வேற மருந்து ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க அம்மணி" என்றார் தம்பிதுரை.

அவர் மனசறிந்து சொன்ன பொய் இல்லை அது. மருந்து என்றால் அவருக்கு மாட்டு மருந்து, அதுவும் ஊசி. அவர் கொடுத்தது தன்னுடையதை. தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து ஊட்டுவதைப் போய் மருந்து என்று யாராவது சொல்வார்களா? பக்கத்தில் ரங்கம்மாள் வேறு இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். ஷ்ரவ்யா வனத்துறைக்காரர்களிடம் போனில் பேசி ஒப்புதல் வாங்கினாள். பொழுது இறங்குவதற்குள் மறையனை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் மலையோரத்துப் பாறையில் கிடத்தினார்கள். கழுகு பொழுது விழுந்த பிறகு இறங்காது, வெயிலேறிக் காற்று சூடானால்தான் வரும், நாளைக்குக் காலையில் பாருங்கள் என்றாள்.

சனிக்கிழமை காலையில் தம்பிதுரை பழக்க தோசத்தில் சாளைக்குப் போனார். மறையன் இருந்தவரை அங்கே போனால் மறையனைத்தான் பார்ப்பார். அன்றைக்குப் பார்க்க மறையன் இல்லாததால் சுவரைப் பார்த்தார். எட்டு மாசத்துக்கு முன்னால் ஷ்ரவ்யா ஒட்டிய நோட்டீஸ். பெரிதாக ஓர் ஊசிப் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. படத்தைத்தான் இத்தனை நாளும் பார்த்திருந்தார். கீழே பொடி எழுத்தில் நாலைந்து மருந்துப் பேர்கள் தமிழிலும் இங்கிலீசிலும் இருந்தன. அதற்கும் கீழே 'ஊசியாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும்' என்று ஒரு வரி.

கூரைச் சந்தில் செருகி வைத்திருந்த காலி மாத்திரை அட்டைகளை எடுத்தார். எட்டாவதோடு நின்ற இங்கிலீசு. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, அட்டையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். டி. ஐ. சி. எல். கடைசி எழுத்துவரை ஒன்றாகவே இருந்தது. அவருக்கு முட்டி வலி மறந்து போயிற்று.

வாசலில் ஷ்ரவ்யா கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல நாள் என்று ரங்கம்மாள் அவளுக்காகச் சந்தகை பிழிந்திருந்தாள். "இன்னைக்கு ஒம்போதும் இறங்குமுங்க பெரியம்மா, குஞ்சுக்கு வயிறு நெறைய ஊட்டப் போகுது" என்று அவள் சிரிப்பது கேட்டது.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தோன்றியது. எட்டு மாசம் பெரியப்பா, பெரியப்பா என்று சுற்றி வந்த பிள்ளை இனி நம் முகத்தில் முழிக்குமா என்று நினைத்தார். வண்டியை எடுத்துப் போய் யாருக்கும் தெரியாமல் மறையனை மூடிவிட்டு வந்துவிட்டால் என்ன என்று நினைத்தார். ஒற்றை ஆளாக முடியாது என்பது உடனே விளங்கியது. பொழுது பனைமர உயரம் வந்திருந்தது.

"அம்மணி" என்று போய் நின்றார். அட்டைகளை நீட்டினார். "இதை நான் மறையனுக்குக் கொடுத்துப்போட்டேனுங்க. முப்பதும். முந்தாநாள் வரைக்கும்."

ஷ்ரவ்யா அட்டையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அப்போ என்ரகிட்ட வேளா வேளைக்கு முழுங்கிட்டேன் முழுங்கிட்டேன்னு சொன்னீங்களே!" என்று ரங்கம்மாள்தான் வெடித்தாள். வெடித்துக்கொண்டே போய் மஞ்சள் காயப்போடும் தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தாள். "நிக்கறீங்களே, வண்டியை எடுங்க! உங்களைத் திட்டறதுக்கு நாள் கெடக்குது!"

மூன்று பேரும் ஒரே டிவிஎஸ் வண்டியில் போனார்கள். தம்பிதுரை ஓட்ட, நடுவில் ஷ்ரவ்யா, பின்னால் மடியில் தார்ப்பாயோடு ரங்கம்மாள். மேட்டில் வண்டி திணறியது. ரங்கம்மாள் குதித்து இறங்கித் தள்ளினாள். ஷ்ரவ்யா வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். உச்சியில் கறுப்பாக இரண்டு புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு நாலு ஆயின.

பாறைக்கு வண்டி ஏறாது. கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். காக்கைகள் கலைந்து பறந்தன. பட்டமரத்தில் இரண்டு கழுகுகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று தரையிலேயே நின்றது, மறையனிலிருந்து நாலு எட்டில்.

முன்னால் ஓடிய ஷ்ரவ்யா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். எட்டு மாசமாக ஒரு மைலுக்கு அப்பாலிருந்து தொலைநோக்கிக் குழாய் வைத்துப் பார்த்த பறவை அது. இடுப்பு உயரம், மொட்டைக் கழுத்து, முதுகில் வெள்ளைத் திட்டு. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. கேமரா அவள் கழுத்திலேயே தொங்கியது. அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

"போ!" என்று கத்தினாள். "போ, போயிரு! தின்னாதே!" கல் பாறையில் பட்டுத் தெறித்தது. கழுகு இரண்டு எட்டு பின்வாங்கிச் சீறியது. அடுத்த கல்லை எடுத்தாள். அழுதுகொண்டே எறிந்தாள். எந்தப் பறவைக்காக வீடு வாசல் விட்டு வந்து இந்த வெயிலில் காய்ந்தாளோ அந்தப் பறவையைக் கல்லால் அடித்துத் துரத்தினாள். தம்பிதுரை காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்குக் கல்லெடுக்க மனசு வரவில்லை. தோள்துண்டை உருவி இரண்டு கையாலும் வீசினார். "வேண்டாமுங்க சாமி! இது ஆகாதுங்க! தயவு பண்ணிப் போயிருங்க!" என்று கும்பிடாத குறையாகக் கத்தினார். கழுகு கனத்த உடம்போடு தத்தித் தத்தி ஓடி மேலெழும்பியது.

ரங்கம்மாள் தார்ப்பாயை விரித்து மறையனை மூடினாள். மூன்று பேரும் சுற்றிலும் கல் வைத்தார்கள். வைக்கும்போதுதான் ஷ்ரவ்யா பார்த்தாள். வாலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பிய்ந்திருந்தது.

"காக்கையா இருக்குமுங்களா?" என்றார் தம்பிதுரை.

"தெரியலீங்க" என்றாள். "கழுகு தின்னிருந்தா மூணு நாளைக்குள்ள தெரிஞ்சுரும். எண்ணிட்டே இருக்கணும்."

மத்தியானமே மறையனைத் திருப்பிக் கொண்டு வந்து கிணற்றுக்குக் கிழக்கே புதைத்தார்கள். மேலே தென்னம்பிள்ளையும் வைத்தார்கள். ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடி நடந்தது, பாழாய்ப்போன மனசுக்கு ஒரு துளி நிம்மதி இல்லை. அன்றைக்குச் சந்தகையை யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷ்ரவ்யா கூட்டுக்கு எதிரே இருந்த கரட்டுக் குன்றில் உட்கார்ந்து எண்ணினாள். ஒன்பது இருந்தது. திங்கட்கிழமை எண்ணினாள், எட்டுதான் இருந்தது. கூட்டில் குஞ்சின் பக்கத்தில் ஒரு பறவைதான் நின்றது. ஆணும் பெண்ணும் மாறி மாறி வந்து போகிற கூடு அது. மற்றது நாள் முழுக்க வரவே இல்லை. வீட்டுக்கு வந்து, "எட்டுங்க பெரியப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் தம்பிதுரை அந்த மூன்று காலி அட்டைகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஊரில் மாடு வைத்திருந்தவர்களின் சாளை சாளையாக ஏறி இறங்கினார். "ஏனுங்க, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன், நீங்களும் பண்ணீராதீங்க" என்று ஆரம்பித்து, களி உருண்டை முதல் கல்லெறிந்தது வரைக்கும் ஒளிக்காமல் சொன்னார். ஊரில் நாலு பேர் எழுந்து கும்பிடுகிற மனுசன். சில பேர் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும் உள்ளே போய், தன் எருமைக்கு என்று எடுத்து வைத்திருந்த ஒரு முழு அட்டையைக் கொண்டு வந்து பேசாமல் அவர் கையில் கொடுத்தார். அது மறையன் தின்ற அதே மாத்திரைதான்.

அங்கிருந்து நேராகக் கரடு ஏறினார். ஏறி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஷ்ரவ்யா குழாயை நிறுத்தி வைத்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னால பாக்க முடியலீங்க. நீங்க எண்ணுங்க" என்றாள். அவர் பாறையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல உட்காருவதைப் பார்த்தவள், அப்போதுதான் யோசித்தாள் போலிருக்கிறது. "பெரியப்பா, ஒரு மாசத்துக்கு முப்பது மாத்திரை. முப்பதையும் அதுக்குக் கொடுத்தீங்க. அப்போ உங்களுக்கு?"

"எனக்கென்னங்க அம்மணி. எனக்கு வலிச்சா ஐயோங்கறேன், உங்க பெரியம்மாகிட்ட நாலு திட்டு வாங்கறேன். அவன் யாருகிட்டப் போய்ச் சொல்லுவான்?"

ஷ்ரவ்யா நகர்ந்து வந்து, வலிக்கிற அந்த முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

தம்பிதுரை குழாயில் கண்ணை வைத்தார். முதலில் வெறும் இலையாகத் தெரிந்தது. பிறகு பழகிக்கொண்டது. "ஒண்ணுங்க" என்றார். "ரெண்டுங்க. அந்தப் பட்டமரத்துல மூணு, அஞ்சு ஆச்சுங்க. மேல சுத்தறவிய ரெண்டு பேரு. ஏழுங்க. கூட்டுல ஒருத்தரு, எட்டு." நிறுத்தினார்.

முட்டி மேல் இருந்த கை இறுகியது.

கூட்டின் மேல் ஒரு நிழல் விழுந்தது. அகலமான இறக்கை மடங்கி, ஒரு பறவை கிளையில் தத்தி இறங்கிக் கூட்டுக்கு நடந்தது. குஞ்சு கழுத்தை நீட்டியது. அது எங்கே போய், எத்தனை மலை தாண்டி, என்னத்தைத் தின்று வந்ததோ, குனிந்து குஞ்சின் வாயில் ஊட்டியது.

"வந்துட்டீங்களா சாமி" என்றார் தம்பிதுரை. "ஒம்போதுங்க, அம்மணி. ஒம்போது. ஊட்டறாங்க."

"மறுபடி எண்ணுங்க" என்றாள் ஷ்ரவ்யா, திரும்பாமல்.

அவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். ஒம்போதுங்க என்றார். "இன்னொரு தரம்" என்றாள். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு இன்னொரு தரமும் எண்ணினார். சாயங்காலம் வரைக்கும் எண்ணச் சொன்னாலும் எண்ணியிருப்பார்.